எத்தனை கட்டை?: ஒரு பாலக்காட்டு இசைக்கருவிக் கடையின் கதை

பாலக்காட்டில் எங்கள் குடும்பக் கடைக்கு மிருதங்கம் வாங்க யார் வந்தாலும், சித்தப்பா எடுத்த எடுப்பில் விலையைச் சொல்லமாட்டார். "எத்தனை கட்டை?" என்றுதான் கேட்பார். வந்தவர் விழித்தால், "யார் பாடறதுக்கு வாசிக்கப் போறீங்க?" என்று அடுத்த கேள்வி வரும். பாடுகிறவர் ஆணா பெண்ணா, கச்சேரிக்கா பஜனைக்கா, பிள்ளை இப்போதுதான் தா தீ தொம் நம் தொடங்கியிருக்கிறானா என்று விசாரணை நீளும். சாமான் வாங்க வந்த இடத்தில் இவ்வளவு கேள்வியா என்று சிலருக்கு எரிச்சல்கூட வரும். ஆனால் பாலக்காட்டுக் கணவாயில் இந்த மாதிரிக் கடைகள் மூன்று தலைமுறையாகத் தாக்குப்பிடித்து நிற்பதற்கு அந்தக் கேள்விதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கட்டை என்பது ஆர்மோனியத்தில் விரலால் அழுத்தும் கட்டை; பாடுகிறவரின் சுருதியைச் சொல்லும் அளவு அதுதான். வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணினால் மேற்கத்தியர்களின் 'சி' ஒரு கட்டை, 'டி' இரண்டு, 'ஜி' ஐந்து. நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைகளுக்கு அரை சேரும்: ஒன்றரை, இரண்டரை, ஐந்தரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரையில் பாடுவார்கள். ஆண்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டில். மிருதங்கத்தின் நீளமும் வாயகலமும் இதற்கேற்ப மாறும். ஏறக்குறைய 22 அங்குல நீளமுள்ளது உயர்ந்த சுருதிக்கான ஹெச்சு, 24 அங்குலத்தை ஒட்டியது தாழ்ந்த சுருதிக்கான தக்கு. எங்கள் ஊருக்குப் பக்கத்து மஞ்சப்பிராவில் பிறந்த எம்.டி. ராமநாதன் மாதிரி மிகத் தாழ்ந்த சுருதியில் பாடுகிறவருக்கு ஹெச்சு மிருதங்கத்தைக் கொண்டுபோய் வைத்தால் தோலை இழுத்துப் பிடிக்கும் வாரை எவ்வளவு தளர்த்தினாலும் சேராது, நாதமே செத்துப்போகும். ஆக, கட்டை தெரியாமல் மிருதங்கம் விற்பது கால் அளவு தெரியாமல் செருப்பு விற்பது போல.

இதில் ஒரு வரலாற்று விசித்திரமும் உண்டு. ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1842இல் பாரிஸில் அலெக்சாந்தர் டெபைன் காப்புரிமை வாங்கிய காலால் மிதிக்கும் கருவியை, 1875 வாக்கில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி அசைத்து வாசிக்கிற பெட்டியாக்கினார். நாடகக் கம்பெனிகளும் பஜனை மடங்களும் அதைக் கையோடு பிடித்துக்கொண்டன. சுரத்தை அசைத்துக் குழைக்கும் கமகம் வராத கருவி என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடைசெய்தது. தடை தளர 1971 ஆயிற்று. அந்த முப்பத்தொரு வருஷமும் வானொலிக்குப் பாடப்போன வித்வான்கள் தங்கள் சுருதியை எதை வைத்துச் சொன்னார்கள்? அதே ஆர்மோனியக் கட்டையை வைத்துத்தான்.

தாத்தா கடையைத் தொடங்கியதும் ஆர்மோனியத்தோடுதான். எங்கள் குடும்பம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து கணவாய் வழியாக வந்தது. அப்போது பாலக்காடு கேரளம் இல்லை. மலபார் மாவட்டமாக சென்னை மாகாணத்தோடு இருந்தது. பக்கத்துச் சித்தூரோ கொச்சி ராஜாவின் ஆட்சியில் இருந்தது. எல்லைக்கோடு இப்போது வாளையாரில் இருக்கிறது, அன்றைக்கு ஊருக்குக் கிழக்கே வேறொரு கோடு இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது கடை இருந்த இடத்திலேயே இருக்க, மாநிலம் மாறியது. சரக்கு வரும் திசை மட்டும் மாறவில்லை. ஆர்மோனியம் கல்கத்தாவிலிருந்து சென்னை வழியாக வரும். வீணை தஞ்சாவூரிலிருந்து. நாதஸ்வரம் கும்பகோணத்துக்குப் பக்கத்து நரசிங்கம்பேட்டையிலிருந்து, ஆச்சா மரத்தில் கடைந்தது. எல்லாம் ஒலவக்கோடு ரயில் நிலையத்தின் பார்சல் ஆபீசில் வந்து இறங்கும். வைக்கோல் திணித்த மரப்பெட்டியைத் தாத்தா அங்கேயே தட்டித் திறந்து, வீணைக் குடத்தில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாராம்.

வாங்குகிறவர்கள் யார் என்று பார்த்தால்தான் எல்லைக்கடையின் தன்மை புரியும். முதலில் கிராமத்து ஆட்கள். பாலக்காட்டில் கிராமம் என்றால் அக்கிரகாரம் என்று அர்த்தம்; தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறியவர்களின் தெருக்கள். 'காசியில் பாதி கல்பாத்தி' என்று சொல்லிக்கொள்ளும் ஊர் அது. ஐப்பசி மாதக் கடைசியில் தேர், ராதா கல்யாணம், வீட்டுக்கு வீடு பஜனை என்று வருஷம் முழுக்க ஜால்ராவுக்கும் டோலக்கிக்கும் சுருதிப் பெட்டிக்கும் வேலை இருக்கும். செம்பை வைத்தியநாத பாகவதரும் பாலக்காடு மணி ஐயரும் கே.வி. நாராயணசுவாமியும் இந்த மண்ணிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதால், தெருவுக்கு நாலு பையன்கள் மிருதங்கத்தைச் சுமந்துகொண்டு குரு வீட்டுக்குப் போவது சாதாரணக் காட்சி.

இரண்டாவது, கோயில் மேளக்காரர்கள். செண்டை, திமிலை, மத்தளம், இடக்கா, இலத்தாளம், கொம்பு. மலையாள வாத்தியங்கள் என்று நாம் ஒதுக்கிவிடுகிற இவற்றிலும் எல்லைத் தமிழருக்குப் பங்கு உண்டு. இன்று திருச்சூர்ப் பூரத்தில் கேட்கிற பஞ்சவாத்தியத்தின் வடிவம் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில்தான் அமைந்தது. அதை அமைத்தவர்களில் முன்னால் நின்றவர் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி. மத்தளக்காரர். வெங்கடேசுவரன் என்ற பெயர் பாலக்காட்டுத் தமிழில் வெங்கிச்சன் ஆகும். அதைக் கேட்டாலே தமிழ் வீடு என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் வரையுள்ள தமிழ்க் கிராமங்கள். இங்கே கிராமம் என்றால் வெறும் கிராமம்தான். நிலக்கடலையும் தென்னையும் விளைகிற ஊர்கள். அங்கே மாரியம்மன் நோன்பு சாட்டினால் தவில், பம்பை, உடுக்கை. கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் விளக்குக்கு மறுபடி உடுக்கை. ஆக எங்கள் கடையில் இடப்பக்கச் சுவரில் தவில் தொங்கினால் வலப்பக்கச் சுவரில் செண்டை தொங்கும். கோயம்புத்தூர்க் கடையில் செண்டை இருக்காது, திருச்சூர்க் கடையில் பம்பை இருக்காது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பது கணவாயில் மட்டும்தான்.

நாலாவதாக ஒரு கூட்டம் உண்டு. அதை உண்டாக்கியது அரசாங்கம். கேரளப் பள்ளிக் கலோத்சவம் என்ற கலைவிழா 1957இல் எர்ணாகுளத்தில் சின்ன அளவில் தொடங்கி, வருஷத்துக்கு வருஷம் பெருத்தது. வயலின், வீணை, மிருதங்கம், தபலா, நாதஸ்வரம், செண்டை, பஞ்சவாத்தியம் என்று எல்லாவற்றுக்கும் போட்டி. பரிசுக்குக் கருணை மதிப்பெண்ணும் சேர்ந்தபோது, இசையில் ஆர்வமில்லாத வீட்டிலும் ஒரு வாத்தியம் வந்து உட்கார்ந்தது. உபமாவட்டப் போட்டி நெருங்கும் மாதங்களில் வயலின் தந்தியும் ரோசினும் கடையில் நிற்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் கல்வித்துறை ரொம்ப காலம் இவ்வளவு பெரிய மேடை போட்டதில்லை. பாலக்காட்டுக் கடைகளில் பல பிழைத்ததற்கு இந்தப் பள்ளிக்கூட மேடை பெரிய காரணம். இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

சரி, இனி கடையின் முன்பக்கம். எங்கள் கடையில் இரண்டு பகுதி. தெருவைப் பார்த்த கண்ணாடி அலமாரி ஒன்று, உள்ளே பின்கட்டு ஒன்று. கண்ணாடி அலமாரியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது திரும்பத் திரும்ப ஒரே கதை. முதலில் கிராமபோன் இசைத்தட்டு. பிறகு, 1963இல் பிலிப்ஸ் கம்பெனி கொண்டுவந்த கேசட், எண்பதுகளில் எங்கள் தெரு வரைக்கும் வந்து சேர்ந்தது. செம்பையிடம் பாடம் கேட்ட யேசுதாஸ் 1980இல் தரங்கிணி நிறுவனத்தைத் தொடங்கினார். ஓணத்துக்கு அவர்கள் போடும் பாட்டுக் கேசட்டும், இந்தப் பக்கம் இளையராஜா படங்களின் எக்கோ கேசட்டும் ஒரே தட்டில் அடுக்கியிருக்கும். அதைவிட, வெறும் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுப்பதுதான் பெரிய வியாபாரம். அரைத்தாள் காகிதத்தில் பத்துப் பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் சண்டை வரும். அதனால் பாட்டுகளின் நேரத்தைக் கூட்டி வரிசை மாற்றி எழுதுவது என் பள்ளிப்பருவத்து வேலை. எனக்குக் கூட்டல் கணக்கு வந்ததே அப்படித்தான். அப்புறம் சிடி, அப்புறம் ஒரே தட்டில் நூறு பாட்டு, அப்புறம் செல்போன். கடைசியில் அலமாரி காலி. சுருதிப் பெட்டிக்கும் அதே கதி. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் 1979இல் மின்னணுத் தம்பூராவை உருவாக்கிய பிறகு துருத்திச் சுருதிப் பெட்டி மெல்ல ஒதுங்கியது. இப்போது அந்த மின்னணுப் பெட்டியையும் செல்போன் செயலி ஒதுக்கிவிட்டது.

பாட்டு விற்ற கடைகள் எல்லாம் இந்த அலைகளில் ஒவ்வொன்றாக மூடின. எங்கள் தெருவிலேயே இப்போது அவை செல்போன் கடைகளாகவும் ஆயத்த ஆடைக் கடைகளாகவும் இருக்கின்றன. எங்கள் கடை மூடாததற்குக் காரணம் பின்கட்டு.

பின்கட்டில் ஒரு தாழ்வான மரப்பலகை, ஒரு வாளித் தண்ணீர், சுருட்டி வைத்த எருமைத்தோல் வார், ஒரு மூலையில் மூட்டு என்கிற தோல்மூடி இல்லாமல் இரண்டு பக்கமும் வாய் திறந்த பலாக்கட்டைகள். பெருவெம்பிலிருந்து ஓர் அண்ணன் வாரத்தில் இரண்டு நாள் வருவார். பெருவெம்பு நகரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அந்த ஊரில் கடச்சிக்கொல்லர் சமூகத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல்வாத்தியங்கள் செய்கின்றன. மிருதங்கம், மத்தளம், செண்டை, தபலா எல்லாம் அந்தத் தெருக்களில் உருவாகும். கேரளத்தின் பெரிய மேளக்காரர்கள் தேடி வருவதும் அங்கேதான்.

மிருதங்கத்தின் வலந்தலையை, அதாவது வலப்பக்கத் தோல்முகத்தை, அவர் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரத்தைப் பின்னி, பதினாறு கண் வைத்த மூட்டாக்கிக் கட்டையின் வாயில் ஏற்றுவார். ஈர வாரை அந்தக் கண்களில் கோத்து இழுக்கும்போது காலைக் கட்டையில் உதைத்துக்கொள்வார். உடம்பு முழுதும் பின்னால் சாயும். தோல் காய்ந்த பிறகு கரணை, தோலின் நடுவில் தெரியும் அந்தக் கறுப்பு வட்டம். மாங்கனீசு கலந்த கறுப்புக் கல்லை நைஸாகப் பொடித்து, வடித்த சோற்றோடு பிசைந்து வைத்திருப்பார். அதில் ஒரு கிள்ளு எடுத்துத் தோலின் நடுவில் தேய்ப்பார், வழவழப்பான ஒரு கல்லால் அழுத்தி மெருகிடுவார், காயவிடுவார், மறுபடி ஒரு கிள்ளு. அடுக்கு ஏற ஏற வட்டம் சிறிதாகிக்கொண்டே போகும். மெருகிட மெருகிடக் கரணையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் விரிசல் ஓடும். அந்த விரிசல் ஓடினால்தான் கறுப்பு வட்டம் தோலோடு சேர்ந்து அசையும். வெறும் கட்டியாக இறுகினால் மட்டை அடித்த மாதிரிச் சத்தம் வரும். ஒவ்வோர் அடுக்குக்கும் அவர் விரலால் ஒரு தட்டு தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். கருவி எதுவும் கிடையாது.

இந்தக் கறுப்பு வட்டம் என்ன செய்கிறது என்பதை உலகத்துக்குச் சொன்னவர் சி.வி. ராமன். சாதாரணத் தோலைத் தட்டினால் அடிச்சுரத்தோடு கூடவே எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று சேராது, அதனால்தான் பல மேளங்களில் வெறும் சத்தம் மட்டும் கேட்கிறது. நடுவில் கரணை ஏற்றியதும் அந்த மேல்சுரங்கள் தந்தி வாத்தியம் போல ஒழுங்கான விகிதத்தில் வந்து நிற்கின்றன. மிருதங்கத்துக்குச் சுருதி என்று ஒன்று கிடைப்பது அதனால்தான். இதை 1920இல் நேச்சர் இதழில் சிவகாளி குமாரோடு சேர்ந்து எழுதினார், முப்பதுகளில் மறுபடி விரிவாக ஆராய்ந்தார். அந்த ஒழுங்கை எந்தச் சமன்பாடும் இல்லாமல் காதால் கண்டுபிடித்தவர்களின் பெயர் எந்த இதழிலும் வரவில்லை.

எங்கள் குடும்பமும் இந்த விஷயத்தில் நியாயமாக நடக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தாத்தா காலத்தில் பெருவெம்புக்காரர் பின்வாசல் வழியாகத்தான் வருவார். வேலை அவருடையது, பில்லில் பெயர் எங்களுடையது. தோலைத் தொடுகிறவரைத் தள்ளி வைத்துவிட்டு, அதே தோலை மேடையில் கும்பிட்டு எடுப்பது கர்நாடக இசை உலகம் முழுக்க இருந்த வழக்கம். பாலக்காடு மணி ஐயர் தஞ்சாவூருக்குக் குடிபோன பிறகு, அவருடைய மிருதங்கங்களுக்கு உயிர் கொடுத்தவர் பர்லாந்து என்ற கைவினைஞர். அவரும் அவருடைய குடும்பமும் தஞ்சாவூர்த் தலித் கிறிஸ்தவர்கள். மணி ஐயரின் நாதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் பர்லாந்துவின் பெயரைச் சொல்ல ரொம்ப காலம் ஆயிற்று. எங்கள் கடையில் இப்போது மூட்டு மாற்றிய மிருதங்கத்தின் உட்புறம் வேலை செய்தவர் தன் பெயரும் தேதியும் எழுதுகிறார். சித்தப்பா பையன், என் தம்பி, கொண்டுவந்த வழக்கம் அது. தாத்தா செய்திருக்க வேண்டியது.

வருமானக் கணக்கும் பின்கட்டைத்தான் காட்டுகிறது. ஒரு மிருதங்கத்தின் பலாக்கட்டை நன்றாகப் பார்த்துக்கொண்டால் தலைமுறை தாண்டி நிற்கும். ஆனால் வலந்தலை தேயும், கரணை உதிரும், மழைக்காலத்தில் வார் தளரும். தினமும் சாதகம் செய்கிறவர் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். ஒரு தடவை விற்ற கட்டை இருபது, முப்பது வருஷம் எங்கள் வாசலுக்கு வந்துகொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவமழை கணவாய் வழியாக நேராக வீசுகிற ஊர் இது. ஆனி ஆடியில் ஈரம், மாசி பங்குனியில் கணவாய்க் காற்றின் வறட்சி. இப்படி ஏறி இறங்கும் ஊரில் தோலுக்கு ஓய்வே இல்லை. நட்டுபோல்ட்டு வைத்த மிருதங்கமும் கண்ணாடியிழைக் கட்டையும் இதற்காகத்தான் வந்தன. வெளிநாட்டுக்குப் பறக்கிறவர்கள் வாங்குகிறார்கள். உள்ளூரில் பழைய வார் கட்டையைத்தான் கேட்கிறார்கள்.

சட்டமும் பின்கட்டை அவ்வப்போது மாற்றியிருக்கிறது. முன்பெல்லாம் கஞ்சிராவுக்கு உடும்புத் தோல்தான் போடுவார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு உடும்பைத் தொடக்கூடாது. ஆட்டுத்தோல் கஞ்சிராவில் பழைய குமுறல் அப்படியே வராது என்று வித்வான்கள் இன்றும் குறைப்படுகிறார்கள். ஆனால் சட்டம் சரிதான். ஒரு வாத்தியத்துக்காக ஓர் உயிரினத்தை அழிக்க முடியாது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்த நம் நாட்டுக் கருவிகளுக்கு வரிவிலக்கு கிடைத்தது. கீபோர்டு, கிட்டாருக்கு முதலில் 28 சதவீதம், அதே நவம்பரில் 18. வாளையார் வணிகவரிச் சோதனைச்சாவடியும் அந்த ஆண்டோடு முடிந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வர ஒரு பகல் முழுக்க லாரி வரிசையில் காத்திருந்த காலம் அதோடு போயிற்று.

கண்ணாடி அலமாரியில் இப்போது கீபோர்டு, உகுலேலே, கிட்டார் தந்தி, கஹோன் என்கிற பெட்டி மேளம். ஆன்லைனில் கிட்டார் வாங்கியவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள், தந்தி விரலை அறுக்கிறது என்று. தந்தியைத் தாங்கும் பாலத்தைக் கொஞ்சம் இறக்கிக் கழுத்தை நிமிர்த்திக் கொடுக்கிறோம். "எங்க வாங்கினீங்களோ அங்கயே போய்க் கேளுங்க" என்று சொல்ல சித்தப்பாவுக்கு மனசு வராது. வந்த பெண் சர்ச் பாடகர் குழுவில் இருக்கிறாள் என்று தெரிந்தால், எந்தச் சுருதியில் பாடுகிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்.

போன வாரம் மும்பையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. கல்பாத்தியில் பிறந்து மாதுங்காவில் குடியிருக்கும் ஒரு வாடிக்கையாளர் அனுப்பியது, அவருடைய அப்பா எங்கள் தாத்தாவிடம் வாங்கிய தக்கு மிருதங்கம். வலந்தலை கிழிந்திருந்தது. பேத்தி பாடுகிறாளாம், அவளுக்கு வாசிக்க வேண்டுமாம். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். சித்தப்பா இரண்டு தடவை போட்டுக் கேட்டார். மூன்றாம் தடவை பேத்தி பின்னால் பாடுவது லேசாகக் கேட்டது. செல்போனில் தம்பூராச் செயலியைத் திறந்து ஐந்தில் வைத்தார், கொஞ்சம் ஏற்றினார், தலையை ஆட்டினார்.

"இந்தக் கட்டை அவ சுருதிக்கு ஏறாது தம்பி. பழசை மூட்டு மாத்தி அவருக்கே வச்சிக்கச் சொல்லு. பேத்திக்கு ஹெச்சு ஒண்ணு எடுத்து வை."

பெருவெம்பு அண்ணன் சாக்பீஸை எடுத்துப் புதுக்கட்டையின் மேல் ஐந்தரை என்று எழுதிவிட்டு, வாரை நனைக்க வாளியில் போட்டார்.